பிளேஆஃபுக்கு யார் போவார்கள்: என்.எஃப்.எல். கணிப்பின் கணக்கு

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இல் 32 அணிகள். அவற்றில் 14 பிளேஆஃபுக்குப் போகும். ஆட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கூட எந்த அணியின் பெயரைக் கேட்டாலும் “43.75 சதவீதம்” என்று சொல்லிவிட்டுப் போகலாம். அந்த 43.75-இலிருந்து எந்த அணியை எவ்வளவு ஏற்றுவது, எதை எவ்வளவு இறக்குவது என்பதுதான் கணிப்பு வேலை. செப்டம்பரில், ஒரு பந்தும் வீசப்படாத நிலையில், 90 சதவீதத்துக்கு மேல் ஓர் அணிக்குக் கொடுப்பவரை நான் நம்ப மாட்டேன். 1990 முதல் ஒவ்வொரு சீசனிலும், முந்தைய ஆண்டு பிளேஆஃபில் இல்லாத அணிகளில் குறைந்தது நான்காவது உள்ளே வந்திருக்கின்றன. போன வருடப் பட்டியலை அப்படியே நகலெடுத்தால் நான்கு இடம் நிச்சயம் தப்பு.

இது தற்செயல் அல்ல, லீக் திட்டமிட்டுச் செய்துவைத்தது. சம்பள உச்சவரம்பு எல்லா அணிக்கும் ஒன்றே. 2024-இல் அது 25.54 கோடி டாலர். கல்லூரி வீரர்களை எடுக்கும் டிராஃப்டில், கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு. பணக்கார அணி என்று ஒன்று உருவாகி இருபது வருடம் மேலேயே உட்கார்ந்திருக்க வழி குறைவு. ஹூஸ்டன் டெக்சன்ஸ் 2022-இல் 3-13-1 (வெற்றி, தோல்வி, டை என்ற வரிசையில்). அடுத்த ஆண்டு சி.ஜே. ஸ்ட்ரவுட் என்ற புதிய குவார்ட்டர்பேக்குடன் (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரர்) 10-7 எடுத்துப் பிரிவை வென்றார்கள். வாஷிங்டன் 2023-இல் 4-13, 2024-இல் ஜேடன் டேனியல்ஸ் வந்ததும் 12-5.

முதலில் போட்டியின் வடிவம்

அணிகள் ஏ.எஃப்.சி., என்.எஃப்.சி. என்று இரண்டு கான்ஃபரன்ஸ்களாகப் பிரிந்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 16. அதற்குள் நான்கு அணி கொண்ட நான்கு பிரிவுகள். பிரிவில் முதலிடம் பிடித்த நான்கு அணிகள் நேராக உள்ளே, 1 முதல் 4 வரையிலான இடங்களில். மீதி 12 அணிகளில் சிறந்த மூன்று வைல்ட் கார்டாக 5, 6, 7. இந்த ஏழு அணி முறை 2020-இல் வந்தது. அதற்கு முன் ஆறுதான். முதல் சுற்றில் ஓய்வு கிடைப்பது இப்போது முதலிடத்துக்கு மட்டும்.

இந்த வடிவத்தால் ஒரு விபரீதம் நடக்கிறது: மோசமான பிரிவில் இருப்பது பெரிய சொத்து. 2010-இல் சியாட்டில் சீஹாக்ஸ் 7-9 எடுத்தே பிரிவை வென்று, 11-5 எடுத்த நியூ ஆர்லியன்ஸைச் சொந்த மைதானத்தில் வரவேற்று 41-36 என்று வீட்டுக்கு அனுப்பியது. 2014-இல் கரோலினா 7-8-1, 2020-இல் வாஷிங்டன் 7-9, 2022-இல் டாம்ப்பா பே 8-9; இவை எல்லாமே பிரிவுச் சாம்பியன்கள். எதிர்ப்பக்கம் 2008-இன் நியூ இங்கிலாந்து: 11 ஆட்டம் வென்றும் வெளியே. அதனால் ஓர் அணியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி “இது எவ்வளவு நல்ல அணி” அல்ல. “இந்தப் பிரிவில் மீதி மூன்று யார்” என்பதே. சராசரி அணி ஒன்றை மூன்று பலவீனமான அணிகளோடு போட்டால் அதன் வாய்ப்பு, பலமான பிரிவில் இருக்கும் நல்ல அணியின் வாய்ப்பைச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

அட்டவணையும் சூத்திரப்படிதான். 17 ஆட்டங்களில் 6 சொந்தப் பிரிவு அணிகளுடன், வீட்டில் ஒன்று வெளியில் ஒன்று. 4 சொந்த கான்ஃபரன்ஸில் சுழற்சி முறையில் வரும் ஒரு பிரிவுடன். 4 எதிர் கான்ஃபரன்ஸில் ஒரு பிரிவுடன். மீதி மூன்றுதான் போன ஆண்டு இடத்தைப் பொறுத்தவை: முதலிடத்தில் வந்த அணி முதலிடத்தில் வந்தவர்களுடன், கடைசி அணி கடைசி அணிகளுடன். ஆகவே “கடைசியாக வந்ததால் இந்த வருடம் எளிதான அட்டவணை” என்ற பேச்சு பாதி உண்மைகூட இல்லை. மூன்று ஆட்டம் மட்டுமே மாறுகிறது. அட்டவணையின் கடினத்தைப் போன வருட வெற்றி தோல்விகளைக் கூட்டிப் பார்ப்பதும் வழக்கம். அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் எதிரணிகளும் போன வருட அணிகளாக இருக்கப்போவதில்லை.

17 என்பது மிகச் சிறிய எண்

இதுதான் விஷயத்தின் மையம். எல்லா ஆட்டத்திலும் சரியாகப் பாதி வாய்ப்பு உள்ள ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். நாணயத்தை 17 முறை சுண்டுவதற்குச் சமம். சராசரியாக 8.5 வெற்றி வரும். ஆனால் அதைச் சுற்றி வரும் ஊசலாட்டத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 2.06 ஆட்டம். அந்தச் சராசரி அணி 10 அல்லது அதற்கு மேல் வெல்ல 31 சதவீத வாய்ப்பு, 7 அல்லது அதற்குக் கீழே விழவும் அதே 31 சதவீதம். 10 வெற்றி பெரும்பாலும் உள்ளே. 7 வெற்றி ஏறக்குறைய எப்போதும் வெளியே. ஒரே அணி, ஒரே திறமை; ஒரு வருடம் பயிற்சியாளருக்கு மாலை, மறு வருடம் வேலைநீக்கம்.

உண்மையிலேயே நல்ல அணி, ஒவ்வோர் ஆட்டத்திலும் 60 சதவீத வாய்ப்பு உள்ள அணி என்றால்? அதுவும் ஐந்தில் ஒரு முறை 8 வெற்றிக்கு மேல் போகாது. கணிப்பவர் அணியின் பலத்தைக் கச்சிதமாக அளந்திருந்தாலும் இந்தத் தற்செயல் ஊசலாட்டத்தை அவரால் அகற்ற முடியாது. அதனால்தான் “போகும், போகாது” என்று பட்டியல் போடுவதைவிட சதவீதம் சொல்வது நேர்மையானது.

வெற்றியைவிடப் புள்ளி வித்தியாசத்தைப் பாருங்கள்

அணியின் உண்மையான பலத்தை அளக்க வெற்றி தோல்விக் கணக்கு மோசமான கருவி. அடித்த புள்ளி, விட்ட புள்ளி இரண்டையும் பார்ப்பது மேல். பேஸ்பாலுக்காக பில் ஜேம்ஸ் உருவாக்கிய பித்தாகரஸ் சூத்திரத்தை ஃபுட்பாலுக்கு மாற்றும்போது அடுக்கு எண்ணை 2-க்குப் பதில் 2.37 என்று வைப்பார்கள். அடித்த புள்ளியை 2.37 அடுக்குக்கு உயர்த்தி, அதையும் விட்ட புள்ளியின் 2.37 அடுக்கையும் கூட்டி வரும் தொகையால் வகுத்தால் எதிர்பார்க்கத்தக்க வெற்றி விகிதம் கிடைக்கும்.

2022-இன் மின்னசோட்டா வைக்கிங்ஸை இதில் போட்டுப் பார்ப்போம். அவர்கள் 13-4. அடித்தது 424, விட்டது 427. ஆமாம், பதின்மூன்று ஆட்டம் வென்ற அணி மொத்தத்தில் 3 புள்ளி பின்தங்கியிருந்தது. 424-ஐ 427-ஆல் வகுத்தால் 0.993, அதன் 2.37 அடுக்கு 0.983, அதை 1.983-ஆல் வகுத்தால் 0.496. பதினேழு ஆட்டத்துக்கு 8.4 வெற்றி. மீதி நான்கரை வெற்றி எங்கிருந்து வந்தது? எட்டுப் புள்ளி அல்லது அதற்குள் முடிந்த ஆட்டங்களில் அவர்கள் 11-0. பந்து ஒரே ஒரு முறை கைக்கு வந்தாலே, அதாவது ஒரு டச்டவுனும் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் 6 புள்ளி) அதன்பின் வரும் இரண்டு புள்ளி கூடுதல் முயற்சியும் சேர்ந்தால், சமமாகிவிடும் ஆட்டங்கள் இவை. அப்படிப்பட்ட ஆட்டங்களை எப்போதும் வெல்லும் திறமை என்று ஒன்று அணிகளிடம் நிலைத்து நிற்பதில்லை. பிளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 31-24 என்று தோற்றார்கள். அடுத்த சீசன் 7-10. நியாயமாகச் சொன்னால், அந்த ஆண்டு எட்டாவது ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸின் குதிகால் தசைநாண் அறுந்தது. ஆனால் அந்த ஆட்டத்தையும் சேர்த்து அணி அப்போதே 4-4 தான்.

2024-இன் கான்சஸ் சிட்டி சீஃப்ஸும் இதே ஜாதி. 15-2, அடித்தது 385, விட்டது 326. சூத்திரம் கொடுப்பது 10 வெற்றிக்குக் கொஞ்சம் மேல். நல்ல அணி, ஆனால் 15 வெற்றிக்கான அணி அல்ல. 2025-இல் பிளேஆஃபுக்கே வரவில்லை. அவ்வளவு பெரிய வீழ்ச்சியை இந்தச் சூத்திரம் சொல்லவில்லை; “போன வருடம் 15, இந்த வருடம் 14” என்று எழுதாதே என்று மட்டும் எச்சரித்தது.

இதே தர்க்கம் கீழே விழுந்த பந்துக்கும் பொருந்தும். ஃபம்பிள் ஆகும் பந்து முட்டை வடிவம்; எந்தப் பக்கம் குதிக்கும் என்று அதற்கே தெரியாது. எடுப்பது யார் என்பது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. ஓர் அணி ஒரு சீசனில் இப்படி விழுந்த பந்துகளில் முக்கால்வாசியைக் கைப்பற்றியிருந்தால் அடுத்த ஆண்டுக்கு அதைக் கொண்டுபோக முடியாது. இன்னும் நுட்பமாகப் போக விரும்புபவர்கள் ஒவ்வொரு ப்ளேயும் (ஒரு முறை பந்தை எடுத்து ஆடும் முயற்சி) எதிர்பார்க்கும் புள்ளியை எவ்வளவு கூட்டியது என்ற ஈ.பி.ஏ. கணக்கைப் பார்ப்பார்கள், 1999 முதலான ப்ளே விவரங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் தாக்குதலின் எண் ஆண்டுக்கு ஆண்டு ஓரளவு நிலைக்கும். தடுப்பின் எண் அவ்வளவாக நிலைக்காது. இரண்டுக்கும் ஒரே எடை கொடுப்பது தொடக்கக்காரர் செய்யும் தவறு.

பலத்தை ஆட்டத்தின் வாய்ப்பாக மாற்றுதல்

அளந்த பலத்தை ஒரு ரேட்டிங்காக வைத்துக்கொள்வது வசதி. சதுரங்கத்துக்காக ஆர்பாட் ஈலோ வகுத்த முறை இங்கேயும் வேலை செய்கிறது. சராசரி அணி 1500. இரு அணி வித்தியாசத்தை 400-ஆல் வகுத்து, 10-ஐ அந்த எண்ணின் எதிர்மறை அடுக்குக்கு உயர்த்தி, 1 கூட்டி, தலைகீழாக்கினால் வெற்றி வாய்ப்பு. 25 ஈலோ ஏறக்குறைய ஆட்டத்தில் ஒரு புள்ளிக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். சொந்த மைதானத்துக்கு 50 ஈலோ, அதாவது 2 புள்ளி. 1600 அணி தன் மைதானத்தில் 1500 அணியைச் சந்தித்தால் வித்தியாசம் 150. வாய்ப்பு 70 சதவீதம். அதே ஆட்டம் எதிரணி மைதானத்தில் என்றால் வித்தியாசம் 50 மட்டும், 57 சதவீதம். ஆட்டம் முடிந்ததும் திருத்தம்: 20-ஐ எதிர்பாராத அளவால் பெருக்க வேண்டும். 70 சதவீதம் இருந்து வென்றால் 6 கூடும், தோற்றால் 14 குறையும்.

சொந்த மைதானத்துக்கு 3 புள்ளி என்பது பழைய வாய்ப்பாடு. இப்போது அது அதிகம். பார்வையாளர்கள் அநேகமாக இல்லாத 2020 சீசனில் வீட்டு அணிகளின் மொத்தக் கணக்கு 127-128-1. கூட்டம் திரும்பிய பிறகும் பழைய 3 திரும்பவில்லை. 1.5-க்கும் 2-க்கும் இடையே வைத்தால் போதும்.

புதிய சீசன் தொடங்கும்போது எல்லா ரேட்டிங்கையும் மூன்றில் ஒரு பங்கு 1500-ஐ நோக்கி இழுக்க வேண்டும். 1650 இருந்த அணி 1600-இல் தொடங்கும். இந்தப் படியைத் தவறவிடுபவர்கள் செப்டம்பர் முழுக்க போன வருட அணிகளையே கணிக்கிறார்கள்.

எந்த ரேட்டிங்கும் தானாகக் கண்டுபிடிக்காத ஒன்று குவார்ட்டர்பேக். முதல்தரக் குவார்ட்டர்பேக்கிலிருந்து மாற்று ஆளுக்கு இறங்கும்போது பந்தயச் சந்தை ஆறு ஏழு புள்ளி வரை நகரும். 7 புள்ளி முன்னிலை என்பது 70 சதவீத வாய்ப்பு; அது போனால் ஐம்பது. ஒன்பது ஆட்டத்துக்கு அவர் இல்லையென்றால் கிட்டத்தட்ட இரண்டு வெற்றி காலி. இண்டியானாபொலிஸ் 2010-இல் 10-6. 2011-இல் பெய்ட்டன் மானிங் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை, 2-14. ஆனாலும் இது இயந்திரமல்ல: 2023-இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் வரிசையாகக் குவார்ட்டர்பேக்குகளை இழந்து, டிசம்பரில் 38 வயது ஜோ ஃபிளாக்கோவை வைத்து ஆடியும் 11-6 எடுத்து உள்ளே போனது. தடுப்பு அவ்வளவு பலமாக இருந்தது. மற்ற நிலைகளில் ஒருவர் காயமடைந்தால் ரேட்டிங்கைத் தொடாதீர்கள். தாக்குதல் வரிசையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் இல்லை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

சீசனைப் பத்தாயிரம் முறை ஆடவிடுதல்

ஒரு சீசனில் மொத்தம் 272 ஆட்டம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வாய்ப்பு கையில் இருக்கிறது. 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண்ணை எடுத்து, அது 0.70-க்குக் கீழே என்றால் வீட்டு அணி வென்றதாக எழுத வேண்டும். 272-ஐயும் இப்படி முடித்து, டேபிள் போட்டு, சமமாக நிற்கும் அணிகளைப் பிரிக்கும் டை-பிரேக் விதிகளை ஓட்டி, 14 அணிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதைப் பத்தாயிரம் முறை செய்து, ஓர் அணி 6,200 முறை உள்ளே வந்திருந்தால் அதன் வாய்ப்பு 62 சதவீதம். பத்தாயிரம் ஓட்டத்தில் எண்ணின் சொந்தத் தள்ளாட்டம் அரை சதவீதம்தான். லட்சம் முறை ஓட்டுவதால் பெரிய லாபம் இல்லை. “62.37” என்று தசமத்துடன் வெளியிடுவது பாசாங்கு.

இங்கே பெரும்பாலோர் வழுக்கும் இடம் வேறு. ரேட்டிங் சரி என்று எடுத்துக்கொண்டு பத்தாயிரம் முறையும் அதே எண்ணை வைத்து ஓட்டினால், வரும் சதவீதங்கள் அளவுக்கு மீறி உறுதியாக இருக்கும். நல்ல அணிக்கு 93, மோசமானதற்கு 2 என்று வரும். ஆகஸ்டில் அளந்த பலமே தவறாக இருக்கலாம் அல்லவா? ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் ஒவ்வோர் அணியின் ரேட்டிங்கையும் மூன்று ஆட்டப் புள்ளி (75 ஈலோ) திட்ட விலக்கத்தில் மேலேயோ கீழேயோ அசைத்துவிட வேண்டும். இன்னொரு வழி, கற்பனை ஆட்டத்தின் முடிவுக்கேற்ப ரேட்டிங்கை ஓட்டத்துக்குள்ளேயே திருத்திக்கொண்டு போவது. இரண்டில் ஒன்றைச் செய்தால் அந்த 93, எண்பதுகளுக்கு இறங்கும்.

வந்த பட்டியலைச் சரிபார்க்க எளிய வழி கூட்டிப் பார்ப்பது. ஏ.எஃப்.சி.-யின் 16 சதவீதங்களைக் கூட்டினால் 700 வர வேண்டும், என்.எஃப்.சி.-க்கும் அப்படியே. ஒவ்வொரு பிரிவிலும் பிரிவை வெல்லும் வாய்ப்புகளின் கூட்டுத்தொகை 100. கையால் எழுதப்பட்ட நிபுணர் கணிப்புகளில் இதைச் செய்து பார்த்தால் சிரிப்பு வரும்; ஒன்பது பத்து அணிகளுக்குச் சீட்டு கொடுத்திருப்பார்கள்.

பந்தயச் சந்தையின் விலையோடும் ஒப்பிடலாம். “பிளேஆஃபுக்குப் போகும்” -150 (150 கட்டினால் 100 லாபம்), “போகாது” +130 (100 கட்டினால் 130 லாபம்) என்றிருந்தால், முதலாவது 150-ஐ 250-ஆல் வகுத்து 60 சதவீதம்; இரண்டாவது 100-ஐ 230-ஆல் வகுத்து 43.5. கூட்டினால் 103.5. அந்த அதிகப்படி 3.5 நிறுவனத்தின் பங்கு. 60-ஐ 1.035-ஆல் வகுத்தால் உண்மையான மதிப்பீடு 58. உங்கள் மாடல் இதிலிருந்து 20 விலகியிருந்தால், சந்தைக்குத் தெரியாததை நீங்கள் கண்டுபிடித்திருப்பதைவிட, ஒரு காயச் செய்தியை நீங்கள் பார்க்காமல் விட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

டை-பிரேக்: புரோகிராம்கள் உடையும் இடம்

ஐ.பி.எல். பார்த்துப் பழகியவர்கள் சம புள்ளி என்றதும் நெட் ரன் ரேட்டைத் தேடுவார்கள். இங்கே புள்ளி வித்தியாசம் மிகக் கடைசியில்தான் வரும். ஒரே பிரிவில் இரண்டு அணி சமம் என்றால் வரிசை இது: நேருக்கு நேர் முடிவு, பிரிவுக்குள் கணக்கு, பொதுவான எதிரணிகளுடனான கணக்கு, கான்ஃபரன்ஸ் கணக்கு, பிறகு வெற்றியின் பலம், அதாவது நீங்கள் தோற்கடித்த அணிகளின் மொத்த வெற்றி விகிதம். அதன்பின் அட்டவணையின் பலம். இன்னும் கீழே போனால் கடைசியில் நாணயச் சுண்டல்.

வைல்ட் கார்டுக்கு வரிசை மாறும்: நேருக்கு நேர் ஆடியிருந்தால் அது, பிறகு கான்ஃபரன்ஸ் கணக்கு, அதன்பிறகே பொது எதிரணிகள், அதுவும் குறைந்தது நான்கு ஆட்டம் இருந்தால். மூன்று அணி சமம் என்றால் நேருக்கு நேர் என்பது ஓர் அணி மற்ற இரண்டையும் முழுமையாக வென்றிருந்தாலோ, இரண்டிடமும் முழுமையாகத் தோற்றிருந்தாலோ மட்டும் செல்லும். ஒரே பிரிவிலிருந்து இரண்டு அணி சிக்கலில் இருந்தால் முதலில் பிரிவு விதியால் ஒன்றாகக் குறைக்க வேண்டும். முக்கியமாக, ஓர் அணி வெளியேறியதும் மீதி அணிகளுக்கு முதல் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்; விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதான் சிமுலேஷன் எழுதுபவர்களின் நிரந்தரப் பிழை. ஒரே எண்ணிக்கையில் வென்ற அணிகளை ரேண்டமாகப் பிரித்துவிட்டுப் போகும் மாடல்கள் நவம்பர் வரை தப்பிக்கும். டிசம்பரில் மாட்டிக்கொள்ளும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024-இன் என்.எஃப்.சி. மேற்குப் பிரிவு. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அந்தச் சீசனை 1-4 என்று தொடங்கியது. டிசம்பர் 26, வியாழக்கிழமை, சியாட்டில் சிகாகோவை 6-3 என்று வென்று 9-7 ஆனது. சனிக்கிழமை ராம்ஸ் அரிசோனாவை 13-9 என்று வென்று 10-6. கடைசி வாரம் இரண்டும் மோத வேண்டும். சியாட்டில் வென்றால் இரண்டும் 10-7. நேருக்கு நேர் 1-1, பிரிவுக்குள் 4-2 இருவருக்கும், கான்ஃபரன்ஸில் 6-6 இருவருக்கும், பொது எதிரணிகளிலும் பிரிக்க முடியாது. வெற்றியின் பலம்தான் தீர்ப்பு. அதனால் அந்த வார இறுதியில் இரு அணி ரசிகர்களும் யாரோ ஆடிய ஆட்டங்களுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மின்னசோட்டாவும் பஃபலோவும் ராம்ஸிடம் தோற்றவை. அவை வென்றால் ராம்ஸுக்கு ஏற்றம். டென்வரும் அட்லாண்டாவும் சியாட்டிலிடம் தோற்றவை. அவை தோற்றால் சியாட்டிலுக்கு இறக்கம். சின்சினாட்டி டென்வரை ஓவர்டைமில் வென்றது. மின்னசோட்டா, பஃபலோ இரண்டும் வென்றன. ஞாயிறு இரவு வாஷிங்டன் அட்லாண்டாவை, அதுவும் ஓவர்டைமில், 30-24 என்று முடித்தபோது ராம்ஸ் பிரிவுச் சாம்பியன் ஆனது. அன்று இரவு ராம்ஸ், சியாட்டில் இரண்டுமே களத்தில் இல்லை.

கடைசி வாரம் ராம்ஸ் முக்கிய வீரர்களை உட்காரவைத்தது, சியாட்டில் 30-25 என்று வென்றது, இரண்டும் 10-7. சியாட்டில் வீட்டுக்குப் போனது. ராம்ஸ் நான்காம் இடத்தில், 14-3 எடுத்த மின்னசோட்டாவுக்கு எதிராக “வீட்டு அணி”யாக ஆடியது. லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயால் ஆட்டம் அரிசோனாவுக்கு மாறியது, ராம்ஸ் 27-9. மின்னசோட்டா 14 வெற்றியுடன் ஐந்தாம் இடத்தில் இருந்தது டெட்ராய்ட் அதே பிரிவில் 15 வென்றதால்.

கடைசி வாரத்தில் மாடலை நம்பாதீர்கள்

2010 முதல் கடைசி வார ஆட்டங்கள் எல்லாமே பிரிவுக்குள்தான். நோக்கம், அணிகள் அலட்சியமாக ஆடக்கூடாது என்பது. அப்படியும் இடம் உறுதியான அணி முதல்வரிசை வீரர்களை ஓய்வில் வைக்கும். அந்த ஆட்டத்தில் ரேட்டிங் பொய்யாகிவிடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் “தோற்றால் இந்த அணிக்கு என்ன நஷ்டம்” என்று கேட்டு, ஒன்றுமில்லை என்றால் ஏழெட்டுப் புள்ளியைக் கையால் கழிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மாடல் நன்றாக இருந்ததா என்று சீசன் முடிந்தபின் பார்க்க, கொடுத்த வாய்ப்புக்கும் நடந்ததற்கும் (உள்ளே என்றால் 1, வெளியே என்றால் 0) உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி 32 அணிக்கும் சராசரி எடுக்க வேண்டும். எல்லா அணிக்கும் 43.75 என்று எழுதியவருக்கு 0.246 வரும். அதற்குக் கீழே வராத மாடலுக்குச் செலவிட்ட நேரம் வீண். ஒரு சீசனை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லாமல், 70 சதவீதம் கொடுத்த எல்லா அணிகளையும் பல வருடத்துக்குச் சேர்த்து, பத்தில் மூன்று வெளியே போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுமே வெளியே போகவில்லை என்றால் அதுவும் தப்பு. நீங்கள் 70 சொல்லியிருக்கக் கூடாது, 90 சொல்லியிருக்க வேண்டும்.

டையைப் பெரும்பாலான மாடல்கள் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும்; சில சீசன்களில் ஒரு டைகூட வராது என்பதால் அதில் தப்பு தெரியாது. 2021 சீசனின் கடைசி நாளான 2022 ஜனவரி 9 அன்று தெரிந்தது. உள்ளே போக ஒரு வெற்றி போதும் என்ற நிலையில் இருந்த இண்டியானாபொலிஸ், அதுவரை 2-14 இருந்த ஜாக்சன்வில்லிடம் 26-11 என்று தோற்றது. பிட்ஸ்பர்க் வென்று 9-7-1 ஆனது. அந்த 1, நவம்பரில் டெட்ராய்டுடன் 16-16. இதனால் இரவு ஆட்டத்துக்கு முன் நிலைமை: லாஸ் வேகாஸ், லாஸ் ஏஞ்சலஸின் இன்னோர் அணியான சார்ஜர்ஸ் இரண்டும் 9-7. யார் வென்றாலும் வென்றவரும் பிட்ஸ்பர்க்கும் உள்ளே. டை ஆனால் இருவரும் உள்ளே, பிட்ஸ்பர்க் வெளியே. இரண்டு அணிக்கும் சேர்த்து லாபம் தருவது டை ஒன்றுதான். ஒவ்வோர் ஆட்டமும் தனித்தனி நாணயம் என்று எண்ணும் மாடலுக்கு இது புரியவே புரியாது.

சார்ஜர்ஸ் 29-14 பின்தங்கி, ஆட்டத்தின் கடைசி ப்ளேயில் டச்டவுன் அடித்து 29-29 ஆக்கியது. ஓவர்டைமில் ஆளுக்கொரு ஃபீல்ட் கோல் (பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி), 32-32. பந்து லாஸ் வேகாஸிடம். மூன்றாவது முயற்சி, பந்தைத் தக்கவைத்துத் தொடர நான்கு கெஜம் தேவை. 38 விநாடி மீதி இருக்கும்போது சார்ஜர்ஸ் டைம்அவுட் கேட்டது. அடுத்த ப்ளேயில் ஜாஷ் ஜேக்கப்ஸ் 10 கெஜம் ஓடினார். டேனியல் கார்ல்சன் 47 கெஜத்திலிருந்து உதைத்தார். 35-32, பிட்ஸ்பர்க் உள்ளே.